ஓடை வரத்தும் ஒளிப்படக் கருவியும்

நுழையும்முன்

கரிசல் நிலத்து ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாய்க் கிடப்பவை. மழைக்காலத்தின் சில நாள்களில் மட்டும் அவை ஆறாகின்றன. அந்தச் சில மணி நேரத்தில் எவ்வளவு நீர் வந்தது என்று அறியாமல் ஒரு கண்மாயைக் காக்கவும் முடியாது. ஒரு பாலத்தைக் கட்டவும் முடியாது. நீரில் இறங்காமலேயே, படங்களைக் கொண்டு அதன் விரைவை அளக்கும் ஒரு முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் செல்பவர்கள், சிறிய ஓடைகளின் மீதும் அகலமான பாலங்கள் அமைந்திருப்பதைக் காணலாம். கோடையில் அவ்வழியே செல்லும் வெளியூரார், சொட்டு நீரில்லாத பள்ளத்திற்கு இத்துணைப் பெரிய பாலம் எதற்கு என்று வியப்பர். ஐப்பசி, கார்த்திகையில் ஓர் இரவு பெய்யும் மழைக்குப்பின் அதே பாலத்தில் நின்று பார்த்தால் அந்த வியப்பு அடங்கிவிடும்.

இதற்குக் காரணம் மண்ணின் இயல்பு. கரிசல் மண்ணில் களித்துகள்கள் மிகுதி. கோடையில் அது சுருங்கிக் கைவிரல் நுழையும் அளவுக்குப் பாளம்பாளமாக வெடிக்கிறது. முதல் மழை முழுவதையும் அந்த வெடிப்புகள் குடித்துவிடுகின்றன. பிறகு மண் நீரை ஏற்று உப்புகிறது, வெடிப்புகள் அடைபடுகின்றன. அதன்மேல் பெய்யும் மழைக்கு உள்ளே இறங்க வழி குறைவு. நிலத்தின்மேல் ஓடி, வண்டலையும் அரித்துக்கொண்டு, ஓடையில் வந்து சேர்கிறது. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 700 மில்லிமீட்டரே மழை காணும் வானம் பார்த்த பூமியில் வெள்ளம் இப்படித்தான் பிறக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. கோவில்பட்டி வட்டாரத்திலும் கண்மாய்கள் நிரம்பி வழிந்தன. ஊர்களுக்கு இடையிலான சாலைகள் துண்டிக்கப்பட்டன. மழை எவ்வளவு பெய்தது என்பதற்கு மழைமானிகள் கணக்குச் சொல்லின. ஆனால், ஒவ்வோர் ஓடையிலும் நொடிக்கு எவ்வளவு நீர் ஓடியது என்று கேட்டால், பெரும்பாலான சிற்றோடைகளுக்கு விடை கிடைக்காது. தாமிரபரணி போன்ற ஆற்றில் முறப்பநாட்டில் நடுவண் நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் உள்ளது. ஊர் ஓடைக்கு அத்தகைய நிலையம் ஏது?

துரும்பும் துகளும்

நம் ஊர்களில் நீரின் ஆழத்தைச் சொல்ல உடம்பையே அளவுகோலாகக் கொண்டனர். கணுக்கால் தண்ணீர், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர், ஆள் உயரத் தண்ணீர் என்றனர். விரைவைச் சொல்ல அப்படி வரிசையான சொற்கள் இல்லை. 'ஆளை இழுக்கிறது', 'மாட்டைப் புரட்டுகிறது' என்று அதன் வலிமையைக் கொண்டே உணர்த்தினர். ஆனால், அளக்கும் வழி தெரியாமல் இல்லை. கண்மாய்ப் பாசனத்தைக் கவனித்துவந்த நீர்பாய்ச்சி, வாய்க்காலில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, அது அடுத்த மடையை அடைவதற்குள் எத்தனை அடி நடக்க முடிகிறது என்று பார்த்துவிடுவார். வரும் நீரை அவர் 'வரத்து' என்றார். பாடநூல்கள் வழங்கும் 'நீரோட்ட அளவு' என்னும் தொடரைவிட இச்சொல் எனக்கு நிறைவாகத் தோன்றுகிறது.

பொறியாளர்கள் சுழலும் கிண்ணங்களையோ இறக்கையையோ உடைய நீரோட்டமானியை நீருக்குள் இறக்கி அளக்கின்றனர். அமைதியான ஆற்றில் அது நம்பத்தக்க கருவி. முள்ளும் மரக்கிளையும் அடித்துக்கொண்டு வரும் கரிசல் வெள்ளத்தில் அதை இறக்கினால் கருவியும் மிஞ்சாது, இறக்குபவருக்கும் ஆபத்து. எந்த நேரத்தில் அளவு மிகவும் தேவையோ, அந்த நேரத்தில்தான் இக்கருவி பயன்படாமல் போகிறது.

துரும்பின் வழியையே அறிவியல் வேறு வகையில் வளர்த்தெடுத்தது. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பிராண்டில், கையால் சுழற்றும் துடுப்புச் சக்கரம் கொண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, நீரில் மினுங்கும் கனிமத் துகள்களைத் தூவி, அவை தடைகளைச் சுற்றிச் செல்லும் பாங்கைப் படம்பிடித்தார். 1904ஆம் ஆண்டு ஐடெல்பெர்க் நகரில் நடைபெற்ற கணிதவியலாளர் மாநாட்டில் அவர் முன்வைத்த எல்லைப்படலக் கொள்கை பாய்ம இயக்கவியலின் போக்கையே மாற்றியது. அவரால் ஓட்டத்தைக் காண முடிந்தது. ஆனால், படம் முழுவதிலும் எண்களாக அளந்துகொள்ள முடியவில்லை. அதற்குக் கணினி வரவேண்டியிருந்தது. 1984இல் இம்முறைக்குத் 'துகள்பட விரைவளவியல்' என்னும் பொருள்படும் பெயர் வழங்கத் தொடங்கியது. ஆய்வகத்துக்குரியதாக இருந்த இதனை ஆற்றுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஜப்பானிய அறிஞர் இச்சிரோ ஃபுஜிதா குறிப்பிடத்தக்கவர். அவரும் மரியன் முஸ்டே, ஆன்டன் குருகர் ஆகியோரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மென்பொருள் எதைப் பார்க்கிறது?

ஓடும் நீரை அடுத்தடுத்து இருமுறை படம் எடுக்கிறோம். இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நமக்குத் தெரியும். முதல் படத்தை மென்பொருள் சிறு சதுரங்களாகப் பகுக்கிறது. ஒவ்வொரு சதுரத்தையும் ஆய்வுச் சாளரம் என்பர். ஒரு சாளரத்தில் காணப்படும் துகள்களின் அமைப்பு, இரண்டாம் படத்தில் எந்த இடத்திற்கு நகர்ந்துள்ளது என்று மென்பொருள் தேடுகிறது. இரண்டு கண்ணாடித்தாள்களில் புள்ளிகளை இட்டு, ஒன்றன்மேல் ஒன்றை நகர்த்தி, புள்ளிகள் மிகுதியாகப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பது போன்றது இது. நகர்ந்த தொலைவைக் காலத்தால் வகுத்தால் விரைவு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கண்ணாடித்தாளில் புள்ளிக்கோலம்போல ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் இருந்தால் என்ன ஆகும்? ஒரு வரிசை நகர்த்தினாலும் பொருந்தும். இரண்டு வரிசை நகர்த்தினாலும் பொருந்தும். எது உண்மையான நகர்வு என்று மென்பொருளால் சொல்ல இயலாது. களத்தில் சிந்திய கம்புமணிகள்போலத் துகள்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால்தான் ஓர் அமைப்பை மற்றோர் அமைப்பிலிருந்து பிரித்தறிய முடியும். ஒழுங்கின்மை நமக்கு உதவும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஒரு சாளரத்தில் ஐந்து முதல் பத்துத் துகள்களேனும் இருப்பது நல்லது.

இப்பணிக்கெனப் பல மென்பொருள்கள் உள்ளன. வில்லியம் தீலிக்கே, ஐசே ஸ்டாம்ஹாயிஸ் ஆகியோர் உருவாக்கி, 2014இல் கட்டுரை வழியாக அறிமுகப்படுத்திய பிஐவிலேப் என்பது கட்டணமின்றிக் கிடைப்பது. எடுத்த படங்களை ஆராய்வதோடு, சில வகை அறிவியல் ஒளிப்படக் கருவிகளைக் கணினியிலிருந்தே இயக்கிப் படம்பிடிக்கவும் அது துணைசெய்கிறது. எனினும், மென்பொருள் எவ்வளவு திறமையானதாயினும் படத்தில் இல்லாததை அது கண்டுபிடித்துத் தராது. ஆகவே, கருவியை நிறுவும் பணியே இம்முறையின் உயிர்நிலை.

இடைக்காலத்தைக் கணக்கிடுதல்

கருவியை அமைக்கும்போது எழும் முதல் வினா, இரு படங்களுக்கு இடையே எவ்வளவு காலம் விடவேண்டும் என்பது. காலம் மிகக் குறைந்தால் துகள் நகர்ந்ததே தெரியாது. மிகுந்தால், துகள் சாளரத்தை விட்டே வெளியேறிவிடும். ஒரு படத்திற்கும் மறு படத்திற்கும் இடையே துகளின் நகர்வு, சாளர அகலத்தில் நான்கில் ஒரு பங்கை மீறாமல் இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி.

கணக்கிட்டுப் பார்ப்போம். பாலத்திலிருந்து 10 மீட்டர் அகலமுள்ள நீர்ப்பரப்பை 1000 படப்புள்ளிகளில் எடுக்கிறோம். ஒரு படப்புள்ளி ஒரு சென்டிமீட்டரைக் குறிக்கும். சாளரம் 32 படப்புள்ளி எனில், அனுமதிக்கப்படும் நகர்வு 8 படப்புள்ளி. அதாவது 8 சென்டிமீட்டர். நீரின் விரைவு நொடிக்கு 2 மீட்டர். 8 சென்டிமீட்டரைக் கடக்க 0.04 நொடி ஆகும். நொடிக்கு 25 படங்கள் எடுத்தால் போதும். நம் கைப்பேசியின் காணொலியே இதைச் செய்துவிடும்.

இதே விரைவுள்ள நீரை ஆய்வகத் தொட்டியில் அளப்பதாகக் கொள்வோம். அங்கே பார்க்கும் பரப்பு 10 சென்டிமீட்டர்தான். ஒரு படப்புள்ளி 0.1 மில்லிமீட்டர். அனுமதிக்கப்படும் நகர்வு 0.8 மில்லிமீட்டர், அதற்கான காலம் 0.0004 நொடி. பரப்பு நூறில் ஒரு பங்காகச் சுருங்கியதும் காலமும் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நொடிக்கு 2500 படங்கள் எடுக்கும் விலையுயர்ந்த கருவி வேண்டும். அல்லது ஓர் உபாயம் வேண்டும்.

அந்த உபாயத்தை அறிவியல் ஒளிப்படக் கருவிகள் கையாள்கின்றன. இரண்டு படங்களை அவை இணையாக எடுக்கும். முதல் படம் முடியும் தறுவாயில் லேசர் ஒளி ஒருமுறை மின்னும். இரண்டாம் படம் தொடங்கியவுடன் மறுமுறை மின்னும். முதல் படத்தின் வாலிலும் இரண்டாம் படத்தின் தலையிலும் ஒளி விழுவதால், கருவி மெதுவானதாயினும் இரு மின்னல்களுக்கு இடைப்பட்ட நுண்காலமே இடைக்காலமாகிறது. ஒளியும் கருவியும் ஒன்றோடொன்று பிசகாமல் இயங்க, காலத்தை ஒருங்கிணைக்கும் மின்னணுப் பெட்டி ஒன்று இரண்டிற்கும் ஆணைகள் அனுப்பும். இவ்வகையில் இரண்டாம் படம் நெடுநேரம் திறந்தே இருப்பதால், அறையில் வேறு ஒளி இருந்தால் அது மட்டும் வெளிறிப்போகும். அதனால்தான் இத்தகைய ஆய்வகங்களை இருட்டாக்கி வைத்திருப்பர்.

கைப்பேசிக் கருவி பெரும்பாலும் ஒரு படத்தை வரிவரியாகப் பதிகிறது. மேல்வரி பதிந்தபின் கீழ்வரி. விரைந்து செல்லும் பொருள் அதில் சாய்ந்து தோன்றும். பெரும்பாலான அறிவியல் கருவிகள் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவன. வண்ணம் தவிர்த்துக் கறுப்பு வெள்ளையில் பதிவதும், படத்தைச் சுருக்காமல் உள்ளபடியே கணினிக்கு அனுப்புவதும் அவற்றின் வேறு இயல்புகள். இதற்கு ஒரு விலை உண்டு. 20 இலட்சம் படப்புள்ளிகள் கொண்ட ஒரு படத்திற்குப் படப்புள்ளிக்கு 2 பைட் வீதம் 4 மெகாபைட். நொடிக்கு 100 படங்கள் எனில் 400 மெகாபைட். ஒரு நிமிடத்தில் 24 ஜிகாபைட். கணினியின் சேமிப்பகம் ஈடுகொடுக்காவிட்டால் இடையிலே படங்கள் விடுபடும். விடுபட்டதை அறியாமல் கணக்கிட்டால் விரைவு இருமடங்காகிவிடும்.

பாலத்தின்மேல்

சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியருடன் மாணவர் சிலரும் நானும் ஓர் ஓடைப் பாலத்தில் இம்முறையைச் செய்துபார்த்தோம். கைப்பிடிச் சுவரில் கைப்பேசியைக் கட்டி, ஐந்து நிமிடம் படம்பிடித்தோம். பள்ளிக்குத் திரும்பிக் கணினியில் இட்டதும் அழகான அம்புக்குறிகள் தோன்றின. மாணவர்கள் கைதட்டினர். அப்போது பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, கரையில் கிடக்கும் கல்லுக்கும் அம்புக்குறி வந்திருக்கிறதே!" என்றாள். கல் நொடிக்கு 20 சென்டிமீட்டர் விரைவில் நகர்ந்துகொண்டிருந்தது! பாலத்தில் சரக்குந்து சென்றபோதெல்லாம் கைப்பிடிச் சுவர் அதிர்ந்திருக்கிறது. கல்லைப் பார்க்காதிருந்தால் அந்தப் பிழையை நீரின் கணக்கிலேயே சேர்த்திருப்போம்.

அன்றுமுதல் படத்தின் ஒரு மூலையில் அசையாத கரை தெரியவேண்டும் என்பதை வழக்கமாக்கினோம். அந்தக் கரை அசைவதாகக் கணினி சொன்னால் அத்தொகுதியைத் தள்ளிவிடுவோம். கருவியைத் தனியே நிற்கும் கம்பத்தில் பொருத்துவது இன்னும் நல்லது.

தானியங்கு வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடவேண்டும். கருவி தானாகவே குவியத்தை மாற்றும்போது படம் சற்றே விரியும் அல்லது சுருங்கும். ஒரு சென்டிமீட்டர் என்று நாம் கொண்ட அளவு பொய்யாகும். தானாக வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. ஒவ்வொரு படத்திற்கும் ஒளி விழும் நேரத்தை நாமே குறிக்கவேண்டும். மேற்சொன்ன கணக்கில், நீர் ஒரு படப்புள்ளியைக் கடக்க நொடியில் 200இல் ஒரு பங்கு ஆகும். ஆகவே, 500இல் ஒரு பங்கு நேரம் திறந்தால் துகள் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே பதியும். துகளின் உருவம் படத்தில் இரண்டு மூன்று படப்புள்ளி அகலம் இருக்கவேண்டும். ஒரு படப்புள்ளிக்குள் அடங்கிவிட்டால், நகர்வின் பின்ன அளவை மென்பொருளால் மதிப்பிட முடியாமல், விடைகள் முழு எண்களிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கருவி பாலத்திலிருந்து சாய்வாகப் பார்ப்பதால் அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும். இதைச் சரிசெய்ய, இரு கரைகளிலும் வெள்ளையடித்த கற்களை நான்குக்குக் குறையாமல் நட்டு, அவற்றுக்கு இடையிலான தொலைவுகளை நாடாவால் அளந்து வைத்துக்கொள்ளவேண்டும். நீர்மட்டம் ஏறினால் இந்தத் திருத்தமும் மாறும். எனவே, பாலத்தூணில் அளவுக்கோடுகள் வரைந்து, ஒவ்வொரு படப்பதிவின்போதும் மட்டத்தைக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது.

வெள்ளத்தில் நுரையும் சருகும் இயல்பாகவே மிதந்துவரும். அவையே துகள்கள். தெளிந்து ஓடும் நாளில் நாமே எதையாவது தூவவேண்டும். நெகிழியைத் தூவுதல் தகாது. பொரி நன்றாக மிதக்கும்; வெண்மையாகத் தெரியும்; மீனும் உண்ணும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் மருந்து தோய்க்காத குச்சிக் கழிவுக்கும் பஞ்சமில்லை.

காலையில் எதிர்வெயில் நீரில் பட்டுத் தெறித்தால் படம் வெளுத்துவிடும். வானம் மூடிய நாளின் சீரான ஒளியே சிறந்தது. நல்வாய்ப்பாக, வெள்ளம் வரும் நாள்களில் வானம் மூடியே இருக்கும். இரவில் வரும் வெள்ளத்துக்கு அகச்சிவப்பு விளக்கோ வெப்பப்படக் கருவியோ வேண்டும். இப்பகுதிக்கேயுரிய இடர் காற்று. கயத்தாற்றில் காற்றாலைகள் ஏன் நிற்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். நீர் மெதுவாக ஓடும்போது பலத்த காற்று வீசினால், மேற்பரப்பின் நுரை நீரோடு போகாமல் காற்றோடு போகும். அன்று அளப்பது ஓடையின் விரைவன்று, காற்றின் விரைவே.

விரைவிலிருந்து வரத்துக்கு

படம் காட்டுவது மேற்பரப்பின் விரைவு மட்டுமே. அடித்தரையின் உராய்வால் கீழே நீர் மெதுவாகச் செல்லும். மேற்பரப்பு விரைவை 0.85ஆல் பெருக்கினால் சராசரி விரைவு ஏறத்தாழக் கிடைக்கும் என்பது பல ஆறுகளில் கண்ட பட்டறிவு. சராசரி விரைவை ஓடையின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் வரத்து.

இந்தக் குறுக்குவெட்டை அளப்பதில் வற்றாத ஆறுகளுக்கு இல்லாத ஒரு வசதி கரிசல் ஓடைக்கு உண்டு. கோடையில் அது வறண்டு கிடக்கிறது. நாடாவும் மட்டக்கோலும் எடுத்துக்கொண்டு நடந்தே அளந்துவிடலாம், படகு வேண்டியதில்லை. நம் வறட்சியால் விளையும் நன்மைகள் சிலவே; அவற்றுள் இதனையும் எழுதிவைக்கலாம். ஆனால், ஒவ்வொரு வெள்ளமும் ஓரிடத்தில் அரிக்கும். ஓரிடத்தில் வண்டலைப் படியவிடும். வெள்ளம் வடிந்தபின் மீண்டும் அளந்தாகவேண்டும்.

ஓர் ஓடையின் அகலம் 12 மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர் எனில் பரப்பு 18 சதுர மீட்டர். மேற்பரப்பு விரைவு நொடிக்கு 2 மீட்டர். சராசரி விரைவு 1.7 மீட்டர். வரத்து நொடிக்கு 30.6 கன மீட்டர். செய்தித்தாள் வழக்கில் ஏறத்தாழ 1080 கன அடி. ஒரு மணி நேரத்தில் 1,10,160 கன மீட்டர். இந்த ஓடை சேரும் கண்மாயில் இன்னும் 5 இலட்சம் கன மீட்டருக்கே இடம் இருக்குமானால், அது நிரம்ப நான்கரை மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு இந்த எண் கையில் இருந்தால், இரவு பத்தரை மணிவாக்கில் கலிங்கு வழியத் தொடங்கும் என்று கீழ்க்கரை ஊருக்குச் சொல்லி அனுப்பலாம். கரையின் பலவீனமான இடத்தில் மணல்மூட்டை அடுக்க ஆள் திரட்டலாம். மதகைத் திறக்கலாமா என்பதைப் பகல் வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்யலாம்.

மூன்று மழைக்காலங்களாக எங்கள் குறிப்பேட்டில் இத்தகைய எண்கள் சேர்ந்துவருகின்றன. முதல் பக்கத்தில், நகர்ந்த கல்லைக் கண்ட அம்மாணவியின் கையெழுத்தில், பாலத்தூணின் அளவுக்கோடுகளும் நட்ட கற்களின் தொலைவுகளும் உள்ளன. நான்காம் கல்லைக் கடந்த ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. வரும் புரட்டாசிக்குள் அதை மீண்டும் நட்டு அளக்கவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் வாய்க்காலில் 10 மீட்டர் தொலைவை அளந்து குறித்து, பொரியை மிதக்கவிட்டு, அது கடக்கும் நேரத்தை ஐந்துமுறை கணக்கிடுக. ஐந்து விடைகளும் ஏன் ஒன்றுபோல இல்லை என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

2. நீர்நிலை, நீர்வரத்து ஆகியவை தொடர்பாக உங்கள் பகுதியில் வழங்கும் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றுள் எவை அறிவியல் கலைச்சொற்களாகப் பயன்படத்தக்கவை என்பதை எழுதுக.